டிஸ்சார்ஜ் புக்: ஒரு காலனிச் சிப்பாயின் காணாமல் போன காகிதங்கள்

ராணுவத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு சிப்பாயின் கையிலும் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். நம் ஊர்களில் அதற்கு 'டிஸ்சார்ஜ் புக்' என்றே பெயர். படை எண், பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், விடுவித்த காரணம், நடத்தை எப்படி, என்னென்ன பதக்கம் எல்லாம் அதில் இருக்கும். படையின் பழைய தாள்களில் 'கிளாஸ்' என்றும் ஒரு கட்டம் உண்டு. எத்தனையாவது வகுப்பு வரை படித்தவர் என்ற கேள்வி அல்ல அது. என்ன சாதி என்ற கேள்வி.

கடலூர் மாவட்டத்துக் காலனி ஒன்றில் இருக்கும், எண்பது வயதைத் தாண்டிய முன்னாள் சிப்பாய் ஒருவருக்காக இந்தப் புத்தகத்தைத் தேடி அலைந்தோம். 2015 நவம்பர் வெள்ளத்தில் அது போய்விட்டது. அவர் ஊரையும் படைப்பிரிவையும் இங்கே சொல்லவில்லை. அவருடைய நில விவகாரம் இன்னும் முடியாததுதான் காரணம். தொலைந்த காகிதத்தைத் தேடப் போன இடத்தில், நம் ஆட்களைப் பற்றிப் படை எதை எழுதி வைத்தது, எதை அழித்தது என்ற இருநூறு வருடக் கதை எங்கள் முன் விரிந்தது. மாணவத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோம். உங்கள் தாத்தாக்களில் சிலருக்கும் இந்த வேலை தேவைப்படலாம்.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவோம். கும்பினியாரின் மெட்ராஸ் படையில் 1780 செப்டம்பர் 30 அன்று பயனீர்கள் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் உருவாயின. இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்களின் தொடக்கம் அதுதான். பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது இவர்கள் வேலை. எகிப்து, ஜாவா, சீனா, அபிசீனியா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க பிரிட்டிஷ் கொடி போன இடமெல்லாம் இவர்கள் மண்வெட்டியோடு போனார்கள். பறையர்களும் தாழ்த்தப்பட்ட பிற சாதியினரும் கணிசமாகச் சேர்ந்த படை இது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. மண் தோண்டுவதும் புதிதல்ல. ஊரில் பண்ணையாருக்குத் தோண்டியதைப் பட்டாளத்தில் சம்பளத்துக்குத் தோண்டினார்கள். சம்பளம், சீருடை, கண்டோன்மென்ட் பள்ளி, கடைசியில் பென்ஷன். ஊருக்குள் கிடைக்காத நான்கு விஷயங்கள் பட்டாளத்தில் கிடைத்தன. அதற்காகப் பட்டாளத்தைச் சமத்துவபுரம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அங்கேயும் சாதிக்கு ஏற்பத்தான் வேலையைப் பங்கிட்டார்கள்.

1857 எழுச்சிக்குப் பிறகு வெள்ளை அரசுக்கு ஒரே பயம்தான்: யாரை நம்புவது, யாரை நம்பக் கூடாது. எந்தச் சாதி சண்டைக்கு ஏற்றது, எது ஏற்றதல்ல என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். 'போர்ச் சாதி'க் கோட்பாடு என்று சமூகவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்கும் பிறகு 1893 வரை மொத்த இந்தியப் படைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு லாயக்கற்றவர் என்று வெளிப்படையாகவே எழுதியவர். அவர் காலத்திலும் அதற்குப் பின்பும் மெட்ராஸ் ரெஜிமெண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. 1895-ல் மெட்ராஸ், பம்பாய், வங்காளம் என்ற தனித்தனி மாகாணப் படைகளே ஒழிக்கப்பட்டன. அடுத்து வந்த மறுசீரமைப்பில் பல மெட்ராஸ் ரெஜிமெண்டுகள் பெயர் மாறி 'பஞ்சாபி' ரெஜிமெண்டுகள் ஆயின. தமிழ் ஆட்களை எடுத்துவிட்டுப் பஞ்சாப் ஆட்களை வைத்தார்கள். 1902 வரை 2ஆம் மெட்ராஸ் காலாட்படை, அதற்குப் பிறகு 62ஆம் பஞ்சாபிகள். கொள்ளுத்தாத்தாவின் படையை இன்று தேடும் பிள்ளை, அது வேறு பெயரில் வேறு மாநிலத்து வரலாறாக மாறி நிற்பதைத்தான் பார்க்கும்.

இந்தக் கதவடைப்பில் அடிபட்ட இன்னொரு கூட்டத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பம்பாய்ப் படையில் மகர்கள் அதிகம். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் நடந்த சண்டையின் நினைவுத்தூணில் இறந்த வீரர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 'நாக்' என்று முடியும் பெயர்களை வைத்து 22 பேர் மகர்கள் என்று கணக்கிடுகிறார்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் எடுப்பது நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்தவர். அம்பேத்கர் பிறந்ததே 1891-ல் மாவ் ராணுவக் குடியிருப்பில். ராம்ஜியின் தலைமுறைக்கு முன்னால் திறந்திருந்த வாசல் அவர் பிள்ளைகளின் தலைமுறைக்குச் சாத்தப்பட்டது.

இந்த இடத்தில் எங்களை வியக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. தலித் அரசியலின் ஆரம்பகால மனுக்களில் முக்கியமான சில, முன்னாள் சிப்பாய்களின் மனுக்கள். ஓய்வுபெற்ற ராணுவக்காரரான கோபால் பாபா வலங்கர் 1894-ல் தயாரித்த மனு, மகர்களை மறுபடி படையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. 1910-ல் சிவராம் ஜன்பா காம்ப்ளே முன்னின்று இந்திய மந்திரிக்கு அனுப்பிய மனுவும் படையிலும் போலீசிலும் வேலை கேட்டது. இரண்டிலும் வாதம் ஒன்றே: நாங்கள் சேவை செய்தோம், அதற்குச் சாட்சி இருக்கிறது. கோயில் நுழைவுக்கும் குளத்து நீருக்கும் முன்னாலேயே நம் முன்னோர் அரசிடம் நீட்டிய காகிதம் சேவைப் பதிவேடுதான். கோரேகான் தூணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது கும்பினியின் வெற்றியைக் கொண்டாடவா போனார்? நம் பெயர்கள் எழுத்தில் பொறிக்கப்பட்ட ஒரு கல், அழிக்க முடியாத ஒரு ஆவணம், அங்கே இருந்தது.

ஆள் தேவைப்பட்டபோது கதவு திறக்கும், தேவை தீர்ந்ததும் மூடும். முதல் உலகப் போரில் 1917-ல் 111ஆம் மகர் படை உருவானது, 1921-ல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் 1941 அக்டோபரில் மகர் ரெஜிமெண்ட் மறுபடி பிறந்தது. அதே ஆண்டு பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினரானதையும் சேர்த்துப் படியுங்கள். அது இன்றும் இருக்கிறது. 1943-ல் தொடங்கிய சமார் ரெஜிமெண்ட் பர்மா முனையில் ஜப்பானியரோடு சண்டை போட்டது. 1946-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். ஒரு ரெஜிமெண்ட் கலைந்தால் வீரர்கள் மட்டும் சிதறுவதில்லை. நினைவு விழா நடத்த ஆள் இல்லை, பழைய வீரர் சங்கம் இல்லை, கோப்பைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஒரு வீடு இல்லை.

இறந்தவர்களின் கதை இதைவிட மோசம். ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்கு, இந்தப் படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கைதான். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021-ல் வெளியிட்ட சிறப்புக் குழு அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசியச் சிப்பாய்களில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள், இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்கிறது அந்த அறிக்கை. ஆளை எடுக்கும்போது சாதியைக் கேட்டு எழுதத் தெரிந்த பேரரசுக்கு, ஆள் செத்தபோது பெயரை எழுத வரவில்லை.

இனி எங்கள் அய்யாவிடம் வருவோம்.

1962 சீனப் போருக்குப் பிறகு இந்திய ராணுவம் வேகமாகப் பெருத்தது. 1963-ல் கடலூரில் நடந்த ஆள்சேர்ப்பில் பத்தொன்பது வயதுப் பையனாக அவர் தேறினார். 'மார்பு அளந்தான், பல்லைப் பார்த்தான், ஓடச் சொன்னான். எங்க தெருன்னு மட்டும் கேக்கல தம்பி' என்று சிரித்தார். 1965-ல் மேற்கு எல்லை. 1971-ல் கிழக்கு வங்கம். பத்து ஆண்டு முடிந்து 1973-ல் வெளியே வந்தார். பதினைந்து ஆண்டு முடியாததால் பென்ஷன் இல்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக வீட்டுக்கு வந்த முதல் நாளே பஞ்சாயத்து கூடியது. டீக்கடையில் அவருக்கு வைத்த குவளை பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த அதே தனிக் குவளைதான். ஒரே ஒரு மாற்றம் நடந்தது: 1976-ல் முன்னாள் படைவீரர் என்ற முறையில் அரசு தரிசில் ஒரு ஏக்கர் ஒப்படை கிடைத்தது. கல்லும் முள்ளுமாகக் கிடந்ததை அவரும் மனைவியும் கழனியாக்கினார்கள்.

பிறகு யு.டி.ஆர். வந்தது. நிலப் பதிவேடுகளைத் திருத்தி எழுதிய அந்தத் திட்டத்தில் நம் மக்களின் நிலங்கள் எத்தனை கைமாறின என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அய்யாவின் சர்வே எண் மறுபடி 'அரசு தரிசு' என்றே ஏறிவிட்டது. அவர் கையில் ஒப்படை உத்தரவு இருந்ததால் கவலைப்படவில்லை. அந்த உத்தரவு, டிஸ்சார்ஜ் புக், பதக்கங்கள், பிள்ளைகளின் சான்றிதழ், எல்லாம் பட்டாளத்திலிருந்து கொண்டு வந்த தகரப் பெட்டியில். 2015 நவம்பரில் ஆற்றுத் தண்ணீர் காலனிக்குள் இடுப்பளவு நின்றது. ஊர்த்தெருவில் கணுக்கால் அளவுதான். காலனி எப்போதும் பள்ளத்தில்தானே இருக்கிறது. மூன்று நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது காகிதமெல்லாம் கூழாகி இருந்தது. 2012-ல் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் வீடுகளோடு பட்டாக்களும் படிப்புச் சான்றிதழ்களும் எரிந்தது நினைவிருக்கும். அங்கே தீ, இங்கே தண்ணீர். நம் காகிதம் பத்திரமாக இருக்க நமக்குப் பத்திரமான இடம் வேண்டும், அதுதான் இல்லை.

சில வருடம் கழித்துப் பக்கத்து நிலத்துக்காரர், ஊர்த்தெருவைச் சேர்ந்தவர், அந்த ஏக்கரும் தன் அனுபவத்தில் இருப்பதாக மனு போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்ட அலுவலகத்தில் அய்யாவிடம் கேட்டது ஒரே கேள்வி: ஒப்படை பெற்றதாகச் சொல்லும் காலத்தில் நீங்கள் முன்னாள் படைவீரர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

அவர் விழுந்து விழுந்து சல்யூட் அடித்துக் காட்டினாராம். அருகில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவருடைய பேத்தி, கல்லூரியில் படிப்பவர், எங்களைத் தேடி வந்தார்.

முதலில் எங்களுக்குத் தெரிய வந்த விதி இதுதான். பென்ஷன் பெறாமல் வெளியேறிய சிப்பாயின் சேவைக் கோப்பை, அவர் வெளியேறி 25 ஆண்டுகள் முடிந்ததும் படைப்பிரிவின் ஆவண அலுவலகம் அழித்துவிடலாம். தரைப்படை ஒழுங்குமுறையிலேயே இருக்கும் விதி, எந்த எழுத்தரின் குறும்பும் அல்ல. அய்யா விஷயத்தில் கணக்குப் போட்டால் 1998. அன்றிலிருந்து 2015 நவம்பர் வரை, அவருடைய பத்து ஆண்டுச் சேவைக்கு உலகத்தில் இருந்த ஒரே முழு ஆவணம் அந்தக் காலனி வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. பென்ஷன் உள்ளவருக்கு பென்ஷன் உத்தரவு, வங்கிக் கணக்கு, கணக்கு அலுவலகத்தில் ஒரு பிரதி என்று நாலு இடத்தில் தடயம் இருக்கும். பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்குத்தான் ஆவணமும் பாதியில் செத்துப்போகும்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு இழப்பு நடந்தது, ஆனால் வேறு அளவில். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்தில் தேசிய ராணுவ ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை சிப்பாய்களின் கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையை விட்டு வந்தவர்களின் கோப்புகளில் எண்பது சதவீதம் போயிற்று. அதற்குப் பிறகு சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு, படைப்பிரிவின் தினசரி வருகைக் குறிப்பு என்று வேறு இடங்களில் கிடந்த துண்டுகளை ஒட்டவைத்துச் சேவையை மறுபடி நிறுவும் வழக்கம் உருவானது. 1991-ல் படைவீரர்களுக்கான அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசின் கையில் இருந்த ஆவணம் தொலைந்திருந்தால் மனுதாரருக்கு உதவும் கடமை அரசுக்குக் கூடுதலாகிறது என்று ஓ'ஹேர் வழக்கில் சொன்னது. அங்கேயும் எல்லாம் நேர்மையாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த கறுப்பினச் சிப்பாய்களுக்கு வீட்டுக்கடனும் படிப்புச் சலுகையும் எப்படி மறுக்கப்பட்டன என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். கையில் ஆவணம் இருந்தவர்களுக்கே அந்த மறுப்பு நடந்தது. ஆனால் ஆவணம் எரிந்தால் சுமை யார் தலையில் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் உண்டு. நம்மிடம் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது, 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊனமுற்றோர் பென்ஷன் வழக்கு அது. சேரும்போது நோய் இருந்ததாகப் படையின் பதிவேட்டில் குறிப்பு இல்லை என்றால், சிப்பாய் நல்ல உடலோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், மாறாக நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு என்றது தீர்ப்பு. நில விவகாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தாது. எங்கள் மனுவில் இதைக் குறிப்பிட்டோம், கொள்கை ஒன்றுதான் என்று வாதாடினோம்.

சரி, கோப்பு அழிந்துவிட்டது என்றால் கதை முடிந்ததா? இல்லை. ஒவ்வொரு படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திலும் 'லாங் ரோல்' என்று ஒரு பேரேடு உண்டு. சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி: எண், பெயர், சேர்ந்த நாள், போன நாள், போன விதம். தனிக்கோப்பை அழித்தாலும் இந்தப் பேரேட்டை அழிப்பதில்லை. இந்த ஒரு சொல்லைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன' என்று ஒரு கடிதம் வந்தால் பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 'லாங் ரோலில் உள்ள பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும்' என்று அடுத்த கடிதம் போட வேண்டும்.

ஆனால் அந்தப் பேரேட்டில் ஒரு வரியைக் கண்டுபிடிக்கப் படை எண் வேண்டும். அய்யாவுக்கு ஏழு இலக்கத்தில் கடைசி மூன்று ஞாபகம் இல்லை. பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது துருவில் போய்விட்டது. ரெண்டு நாள் அவரோடு உட்கார்ந்தோம். கூடப் பணியாற்றியவர்கள் யார் என்று கேட்டோம். மூன்று பெயர் சொன்னார், மூவரும் இல்லை. அப்போது அவர் மனைவி உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்தார். நிறம் மங்கிய மூன்று பதக்கங்கள். ஒன்று 1965-ன் ரக்ஷா மெடல். அதன் விளிம்பைச் சுற்றி, கண்ணுக்கு அருகில் வைத்தால் மட்டும் தெரியும் அளவில், எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருந்தது.

'வெள்ளின்னு நெனச்சி ஒரு தடவ அடகுக்கடைக்கு எடுத்துட்டுப் போனேன் பாப்பா. நிக்கல்னு திருப்பி அனுப்பிட்டான்' என்று எங்கள் தோழியிடம் அந்த அம்மா சொன்னார். அந்த அடகுக்கடைக்காரருக்கு நன்றி. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் உண்மையிலேயே வெள்ளியில் செய்தது. எத்தனை வீட்டில் அது கொலுசாகிப் போயிருக்கும், கூடவே எத்தனை எண்கள்.

எண் கிடைத்த பிறகு அடுத்த சிக்கல் பெயர். ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளியில் வாத்தியார் எழுதிய பெயர் ஒன்று, ஆள்சேர்ப்பு எழுத்தர் இங்கிலீஷில் காதால் கேட்டு எழுதிய பெயர் ஒன்று. ஆதாரில் நான்காவது ஒன்று. பிறந்த தேதியும் அப்படித்தான். 1963-ல் யாரிடம் பிறப்புச் சான்று இருந்தது? ஆளைப் பார்த்து வயதை எழுதினார்கள். ஆதார் எடுத்தவரும் ஆளைப் பார்த்துத்தான் எழுதினார். இரண்டு மதிப்பீட்டுக்கும் இடையில் நான்கு வருடம். இதை நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக எழுதிக் கொடுத்தோம்: இந்த நான்கு பெயரும் ஒரே ஆள். கிராம நிர்வாக அலுவலர் சான்றையும் சேர்த்தோம். காவல் நிலையத்தில் ஆவணம் காணாமல் போனதற்குப் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றையும் வாங்கினோம். வெள்ளத்தில் போனதைப் போலீஸ் எங்கே போய்க் கண்டுபிடிக்கும் என்று அய்யா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தாள் இல்லாமல் விண்ணப்பம் நகராது. இவை எல்லாம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகப் போக வேண்டும். அதோடு நிற்காமல் ஆவண அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனுவைப் போடுங்கள். 30 நாள் கெடு அதற்குத்தான் உண்டு. மனுவில் 'ஏன்', 'எதற்கு' என்று கேட்காதீர்கள். லாங் ரோல் பதிவு, கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழித்த தேதி, அழிப்புப் பதிவேட்டின் நகல் என்று பொருளைக் கேளுங்கள். இடையில் ராணுவ அலுவலகத்தில் ஆள் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வரும் ஏஜெண்டுகளிடம் ஐந்து காசு கொடுக்க வேண்டாம்.

'கிளாஸ்' கட்டத்தைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். 1922-ல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்து, அரசுப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத வைத்தார். மெட்ராஸ் அரசின் ஏடுகளுக்கு அது பொருந்தியது. தில்லிக்குக் கீழே இருந்த படையின் ஏடுகள் தம் வழியில் போயின. அதனால் ஒரே குடும்பத்தில் தாத்தாவின் படைத்தாளில் ஒரு சாதிப் பெயர், அப்பாவின் பள்ளிச் சான்றில் இன்னொன்று. கிறித்தவரானவர்களுக்கு 'மதராசி கிறித்தவர்' என்று எழுதியிருந்தால், 1950 குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு அந்தத் தாளே பேரப்பிள்ளையின் சாதிச் சான்றுக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். ஆகவே தாத்தாவின் படை ஆவணத்தை வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம், எந்த அலுவலகத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டப் போகிறோம் என்று யோசித்து வாங்குங்கள். காகிதம் எப்போதும் நம் பக்கம்தான் பேசும் என்று இல்லை.

விண்ணப்பம் போட்டு பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் கடிதம் எதிர்பார்த்தபடியே 'அழிக்கப்பட்டது' என்றது. இரண்டாவது கடிதத்தில் ஒரு பக்கச் சான்று. படை எண், பெயர் (எழுத்தர் எழுதிய அந்த இங்கிலீஷ் பெயர்தான்), சேர்ந்த நாள், விடுவித்த நாள், விடுவிப்பு ஒப்பந்தக் காலம் முடிந்ததால் என்ற காரணம். கீழே முத்திரை. டிஸ்சார்ஜ் புக்கில் இருந்த நடத்தைக் குறிப்பும் போர்முனை விவரமும் லாங் ரோலில் இல்லை, அதனால் சான்றிலும் இல்லை. ரிசர்வில் வைக்கப்பட்டாரா என்றும் கேட்டிருந்தோம். ரிசர்வ் காலத்தையும் சேர்த்துப் பதினைந்து ஆண்டு வந்தால் பென்ஷனுக்கு வழி உண்டு. அவர் வைக்கப்படவில்லை. இதே கேள்வியை உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்காகவும் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு விடை வேறாக இருக்கும்.

சான்றை அய்யாவின் கையில் கொடுத்தபோது அவர் பேத்தியிடம் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், 'எழுபத்தொண்ணு சண்டை இதுல இல்லியே' என்றார். இல்லை என்றோம். 'அப்ப நான் சொல்றேன், எழுதிக்க' என்றார். பேத்தி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறார். இரண்டு நோட்டு நிறைந்திருக்கிறது.

அந்த ஒரு பக்கத்தை வைத்து நில விசாரணையில் புதிய மனு போட்டோம். முன்னாள் படைவீரர்தான் என்பதை அலுவலகம் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த கேள்வி தயாராக இருந்தது: 1976 ஒப்படை உத்தரவின் அசல் எங்கே? அதன் அலுவலகப் பிரதியைத் தேடச் சொல்லி, வருவாய் நிலை ஆணை 15-ன் கீழ் அந்த ஆண்டு ஒப்படைப் பதிவேட்டின் நகலைக் கேட்டிருக்கிறோம். பதிவேடு பழைய தாலுகா அலுவலகத்தில் இருக்கலாம் என்கிறார்கள். தாலுகா பிரிந்தபோது எது எங்கே போனது என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையில் பக்கத்து மூன்று காலனிகளில் வீடு வீடாகப் போய்த் தகரப் பெட்டிகளையும் பதக்க விளிம்புகளையும் பார்த்து, பதினொரு எண்களைக் குறித்து வைத்திருக்கிறோம். அவற்றில் நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களுக்கான மனுக்கள் போகின்றன. எழுத வரும் மாணவர்கள் இரண்டு பேர் தேவை, இங்கிலீஷில் கையெழுத்து தெளிவாக இருந்தால் போதும்.